பழைய காரின் சொல்லப்படாத பழுது



கடந்த இரண்டு மாதங்களில் நம் சபையைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் ஆராதனை முடிந்தபின் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பாஸ்டர், பெங்களூரில் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறோம். வாங்கலாமா?" அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தில் அதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். பதிலின் முற்பகுதி உங்கள் பணப்பையைப் பற்றியது. பிற்பகுதி என்னைப் பற்றியது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். சொல்வதே சரி என்று துணிந்தேன்.

நாம் வாழும் ஊரை நினைத்துப் பாருங்கள். ஓசூரில் அசோக் லேலண்ட் லாரி செய்கிறது. டிவிஎஸ் இரு சக்கர வாகனம் செய்கிறது. போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. சிப்காட்டில் வாகன உறுப்புகளைக் கடைந்தும் வார்த்தும் தரும் பட்டறைகள் பல உண்டு. வாகனம் செய்கிற கைகள் நம் ஆலயத்து இருக்கைகளில் ஞாயிறுதோறும் கூப்பி நிற்கின்றன. ஆயினும் ஒப்பந்தக் கூலியில் ஷிப்டு பார்க்கும் ஒருவர், வயதான தாயை மழையில் நனையாமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒரு கார் வாங்க நினைத்தால், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய காரைத்தான் அவரால் எட்ட முடிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

2018 ஆகஸ்டில், ஏழு ஆண்டுகள் ஓடிய ஒரு பெட்ரோல் செடான் காரைப் பெங்களூரில் 2,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 78,000 கிலோமீட்டர் காட்டியது. எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருப்பவை எந்தப் பழைய காருக்கும் நேரக்கூடியவை. வாங்கிய நாள்முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செலவுகளை எழுதிவந்தேன். அந்தக் கணக்கை உங்கள்முன் திறந்து வைக்கிறேன்.

முதல் அதிர்ச்சி பழுதினால் வரவில்லை, காகிதத்தினால் வந்தது. கர்நாடகப் பதிவெண் கொண்ட கார் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்குமானால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு அங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதைப் படிவம் 28 என்பார்கள். காரின் பேரில் வங்கிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். அதன்பின் நம் மாநிலத்தின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். என் விஷயத்தில் அந்த வரி, கார் வாங்கிய விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. "பெங்களூரில் நாற்பதாயிரம் மலிவு" என்று மகிழ்ந்து வந்தவன் நான். அந்த நாற்பதாயிரம் ஓசூர் ஆர்டிஓ அலுவலகத்திலேயே முடிந்துபோயிற்று. ஆகவே எல்லைக்கு அப்பால் உள்ள காரின் விலையைக் கேட்கும்போதே, இந்த வரி எவ்வளவு ஆகும் என்றும் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி பழுதுகளுக்கு வருகிறேன்.

வாங்கிய மூன்று மாதத்திற்குள் நான்கு டயர்கள், ஒரு பேட்டரி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ஆகியவற்றை மாற்ற நேர்ந்தது. டயருக்கு 17,600, பேட்டரிக்கு 4,800, பெல்ட்டும் பம்பும் கூலியோடு 7,500. ஆக 29,900 ரூபாய். டயரின் பட்டன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைப் பார்க்க எனக்கு அப்போது தெரியாது. முதல் இரண்டு எண் வாரத்தையும் அடுத்த இரண்டு எண் ஆண்டையும் குறிக்கும். 3511 என்றிருந்தால் 2011ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விடும். டைமிங் பெல்ட்டோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குள் வால்வுகள் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதை அந்தப் பெல்ட்தான் கட்டுப்படுத்துகிறது. பல எஞ்சின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை இடித்து வளைத்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது பல பத்தாயிரமாகும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2019இல் ஏசி குளிர்ச்சி தரவில்லை. கண்டன்சரில் ஓட்டை, அதை மாற்றி கேஸ் நிரப்ப 7,200. 2020இல் ஊரடங்கின்போது கார் வாசலிலேயே மாதக்கணக்கில் நின்றது. எலிகள் ஒயரைக் கடித்துவிட்டன. அதற்கு 2,300. பின்சக்கர பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கும் பிரேக் ஷூவுக்கும் 3,400. ஓட்டாமல் வைத்தால் கார் தேயாது என்று நினைப்பது தவறு என்று அந்த ஆண்டு எனக்குக் கற்பித்தது.

2021இல் கிளட்ச். சிப்காட் சிக்னலில் நின்று நின்று போகும் நெரிசலில் கிளட்ச் பிளேட் தேய்வது இயல்பு. மேட்டில் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாமல் போனால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றவேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. மொத்தம் 10,800. 2022இல் முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு எல்லாம் 13,600. உள்சாலைகளின் குழிகளையும் வேகத்தடைகளையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2023இல் ஆல்டர்னேட்டர் 4,200, எஞ்சின் மவுண்ட் 5,400. 2024இல் மறுபடியும் டயரும் பேட்டரியும் 25,300. 2025இல் ரேடியேட்டர் 6,800. அதன்பின் ஹெட் கேஸ்கெட் 16,500. கடைசியில் சொன்ன இந்த இரண்டுக்கும் ஒரு கதை உண்டு, பின்னால் வருகிறேன்.

ஏழு ஆண்டுகளின் கூட்டுத்தொகை 1,25,400 ரூபாய். ஆயில் மாற்றுதல், காப்பீடு, பெட்ரோல் இதில் சேரவில்லை. மாதத்திற்கு வகுத்தால் ஏறக்குறைய 1,500 ரூபாய். இந்த எண்ணை மறவாதிருங்கள். பழைய கார் வாங்குகிறவர், மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார். பழுதுக்கென்று மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்க இயலுமா என்றும் தம்மையே கேட்கவேண்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்ற கருத்தில் நம் ஆண்டவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். சீஷத்துவத்தைப் பற்றிய உவமைதான் அது. ஆனால் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது என்பதையும் அது நமக்குச் சொல்கிறது. விசுவாசத்தோடு வாங்கிவிட்டு, பழுது வந்தபோது கந்துவட்டிக்காரரிடம் போய் நின்ற குடும்பங்களை நான் ஜெபிக்கச் சென்ற வீடுகளில் கண்டிருக்கிறேன்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ அதை ஓட்டித் தயார்செய்திருக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை, ஆயில் எரிகிறது என்பதன் அடையாளம். கரும்புகை, பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்பதன் அடையாளம். குளிர்காலைகளில் சிறிதளவு வெண்ணிற ஆவி வருவது இயல்பு. நம் ஊரின் உயரத்திலும் குளிரிலும் அது வரவே செய்யும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால், தண்ணீர் உள்ளே போய் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள். மோர்போல் வெண்ணிறப் படிவு திரண்டிருந்தால் விலகி வாருங்கள். மீட்டர் 50,000 காட்டும்போது பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள், மீட்டரை நம்பாதீர்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வருகின்றன. 2015இலும் 2023இலும் சென்னை மூழ்கியது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தரை விரிப்பின் அடியிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் கைவைத்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் வண்டல் அங்கே தங்கியிருக்கும். இந்தியாவைவிட்டு விலகிய நிறுவனங்களின் கார்கள் மலிவாகக் கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இன் இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. அவற்றில் நல்ல கார்கள் உண்டு. ஆனால் வாங்குமுன் உங்கள் மெக்கானிக்கிடம், "இதற்கு உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும்?" என்று கேளுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023க்கு முன் செய்யப்பட்ட கார்கள் பல இந்தக் கலவைக்கென்று வடிவமைக்கப்படவில்லை. உடனே எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றே காட்டுங்கள்.

பதினைந்து ஆண்டு நிறைவடையும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பரிசோதனைக்குக் காரைத் தயார்செய்யும் செலவு வேறு. பெயர் மாற்றத்தை வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டு, விபத்துக்குப்பின் அழுதவர்களை அறிவேன்.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது அறிக்கை.

2025 மே மாதம் கிருஷ்ணகிரியில் ஓர் அடக்க ஆராதனையை முடித்துவிட்டு மதிய வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் சாலை மேடேறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலுமலை ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இன்னும் சற்றுத் தூரம்தானே, சூளகிரி போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணி ஓட்டினேன். அது முதல் தவறு. முள் ஏறிய இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். ஆவி பொங்கிக் கார் தானே நின்றது. ரேடியேட்டரின் அடித்தொட்டி விரிந்து தண்ணீர் முழுவதும் சாலையில் போயிருந்தது.

நம் ஊரில் எனக்கு வழக்கமாகக் கார் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். நான் பாதிரியார் இல்லை, போதகர் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் என்னை "ஃபாதர்" என்றே அழைக்கிறார். இழுத்துவரச்செய்து, புது ரேடியேட்டர் போட்டார். இரண்டு வாரம் கழித்துக் கூலண்ட் பாட்டிலில் அளவு குறைந்திருந்தது. வெளியே எங்கும் கசிவு இல்லை. பாய் எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டிலில் கிளம்பிய குமிழிகளைக் காட்டினார்.

"ஃபாதர், சூட்டுல ஹெட் லேசா வளைஞ்சிருக்கு. கேஸ்கெட் விட ஆரம்பிச்சிருச்சு. இப்ப ஓடும். ஆனா ஒரு நாள் நடுரோட்டுல விட்டுரும். தலையைக் கழட்டி, லேத்துல பேசிங் பண்ணி, கேஸ்கெட் மாத்தணும்."

அலுமினியத்தால் செய்த சிலிண்டர் ஹெட் மிகுந்த வெப்பத்தில் நெளிந்துவிடும். அதற்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடான கேஸ்கெட் அப்போது இறுக்கம் இழக்கும். எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும். தண்ணீர் எரியும் அறைக்குள் புகும். வெளியே ஒரு துளியும் சிந்தாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றினால் பதினாறாயிரத்துக்குமேல் ஆகும் என்றார்.

நான் யோசித்தேன். பதினான்கு ஆண்டுக் கார். அடுத்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்னும் எதற்குச் செலவு? விற்றுவிடலாம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஞாயிறு பிரசங்கத்தைத் தயாரித்து முடித்தபின் வெளியே வந்து கூலண்ட் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். இப்படி ஐந்து சனிக்கிழமைகள் கடந்தன. ஒரு தரகரிடம் சொன்னேன். "பழைய வண்டி வாங்குறவனுக்கு எல்லாம் தெரியும் ஐயா. அவனா கேட்டா சொல்லுங்க" என்றார் அவர். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது.

ஜூலையில் ஓர் இளைஞர் வந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார். தம் தந்தையைப் பெங்களூரிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு வாரம் இருமுறை அழைத்துப்போக வேண்டும். டாக்ஸிக்குக் கொடுத்து மாளவில்லை என்றார். காரைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். அவர் வருவதற்குமுன் நான் பாட்டிலைக் கோடுவரை நிரப்பி, சிந்தியதைத் துணியால் துடைத்து வைத்திருந்தேன். 1,20,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார்.

"மெக்கானிக் யாரையும் கூட்டிவரவில்லையா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"எதுக்குங்க ஐயா? பாஸ்டர் வண்டின்னு சொன்னாங்க. நம்பி வாங்கலாம்ல?" என்று சிரித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனபின் பணத்தை எண்ணி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

இரவு உணவின்போது என் மனைவி கேட்டாள். "தண்ணி குறையறதை அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவர் கேட்கவில்லை" என்றேன்.

அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டாத்தான் சொல்லணும்னா, ஊர்ல மத்தவங்ககிட்ட வாங்கியிருப்பாரே. உங்ககிட்ட எதுக்கு வந்தாரு?" என்றாள்.

பிரியமானவர்களே, முப்பது ஆண்டுகளுக்குமுன் இறையியல் கல்லூரியில் நீதியைப் பற்றிப் பாடம் கேட்டவன் நான். அதுபற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவர் மற்றவரை வஞ்சிக்கலாகாது என்று சொல்லியிருப்பதை உங்களுக்கே பிரசங்கித்தவன். அன்று ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டிலை நிரப்பித் துடைத்த துணி இன்னும் ஈரம் காயாமல் கொடியில் தொங்கியது. அந்த இளைஞர் தம் தந்தையோடு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின்மேல் ஆவி பொங்கும் காருடன் நிற்பதை என்னால் நினைக்காதிருக்க முடியவில்லை. அவருடைய நம்பிக்கையைத்தான் நான் விற்றிருந்தேன். கார் ஒரு சாக்கு.

மறுநாள் காலை அவரை அழைத்துப் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு வரச்சொன்னேன். "என் காரை அவருக்காகப் பாருங்கள், எனக்காகப் பார்க்க வேண்டாம்" என்று பாயிடம் சொன்னேன். பாய் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தார். ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட்: 16,500. பின்பக்க ஷாக் அப்சார்பர்: 5,000. ஸ்டியரிங் ராக்கில் ஆட்டம்: 7,000. எனக்கே தெரியாத இரண்டு பழுதுகள் அதில் இருந்தன. மொத்தம் 28,500. அதை இளைஞரிடம் கொடுத்தார்.

நானும் தண்ணீர் ஊற்றி நிரப்பிய செய்தியைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கடினமாக இருந்தது. விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க ஐயா. அப்பாவை வெச்சுக்கிட்டு நடுவழியில நிக்க முடியாது" என்றார். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இத்தகைய கதைகளின் முடிவில், உண்மை சொன்னதால் வேறொருவர் வந்து கூடுதல் விலை கொடுத்தார் என்று முடிப்பது வழக்கம். என் கதையில் அப்படி ஒன்றும் நேரவில்லை. கார் விற்கவில்லை. ஆகஸ்டில் கேஸ்கெட்டை மாற்றினேன். கேஸ்கெட் செட் 1,800, லேத்தில் பேசிங் 1,500, டைமிங் பெல்ட் செட் 4,700, ஆயிலும் கூலண்டும் 3,500, கூலி 5,000. பாய் எழுதியபடி 16,500. ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங்கும் இன்னும் மீதம் இருக்கின்றன. அந்தப் பணத்தை எங்கள் வீட்டு வேறொரு தேவைக்கென்று வைத்திருந்தோம், அதைத் தள்ளிவைத்தோம். அந்த இளைஞரோ சில வாரங்கள் கழித்து ஒரு சிறிய காரைப் பாயிடம் கொண்டுவந்து சோதித்து வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். யாரையும் நம்பி மெக்கானிக் இல்லாமல் வாங்கக்கூடாது என்று அவர் கற்றிருப்பார். ஒரு போதகரிடம் அதைக் கற்றார் என்பதுதான் என் வருத்தம்.

தொழிற்சாலையில் தரச்சோதனை பார்க்கும் சகோதரர்கள் நம் சபையில் இருக்கிறீர்கள். அளவு தவறிய உறுப்பைச் சிவப்புத் தாள் ஒட்டித் தனிப்பெட்டியில் போடுகிறீர்கள். "வாங்குகிறவன் கேட்டால் சொல்லலாம்" என்று அதை நல்ல பெட்டியில் கலக்கமாட்டீர்கள். அந்த உறுப்பை நம்பி யாரோ ஒருவர் தோப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டு மனையை விற்கும்போது, மகளுக்கு வரன் பேசும்போது, மகனின் கடனைச் சம்பந்தி வீட்டாரிடம் மறைக்கும்போது, நம் கையில் அந்தச் சிவப்புத் தாள் இருக்கிறதா? கேட்கப்படாத கேள்விக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். கேட்கத் தெரியாதவரிடம், கேட்க வேண்டாம் என்று நம்மை நம்பியவரிடம், அதை இன்னும் எளிதாகச் செய்கிறோம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுவே. வாங்கலாம். காலையில் போய்ப் பாருங்கள். மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள், விற்பவர் போதகராயிருந்தாலும். வரியையும், மாதம் 1,500 ரூபாயையும் கணக்கில் சேருங்கள். என்றாவது ஒருநாள் நீங்கள் அதை விற்கும்போது, உங்களுக்குத் தெரிந்த பழுதுகளை ஒரு தாளில் எழுதி, வாங்குபவர் கேட்குமுன் அவர் கையில் கொடுங்கள். விலை குறையும். இரவில் தூக்கம் வரும்.

இப்போதும் சனிக்கிழமை மாலைகளில் பிரசங்கத்தை முடித்துவிட்டு வெளியே வந்து பானட்டைத் திறக்கிறேன். கூலண்ட் கோட்டுக்கு நேராக நிற்கிறது. சிறிதுநேரம் அதைப் பார்த்துவிட்டு மூடுகிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, நாங்கள் வாங்கும்போது எங்களுக்கு ஞானத்தைத் தாரும், விற்கும்போது எங்களுக்கு உண்மையைத் தாரும். எங்களை நம்பி வருகிறவர்களை நாங்கள் வெறுங்கையாய் அனுப்பினாலும் ஏமாற்றி அனுப்பாதபடி காத்தருளும். இரவு ஷிப்டில் உழைக்கிற எங்கள் பிள்ளைகளையும், நோயுற்ற பெற்றோரோடு சாலையில் செல்கிற ஒவ்வொருவரையும் பத்திரமாய் வீடு சேர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்